சாட் வெறும் அரட்டை அல்ல!

இன்டர்நெட் பயன்படுத்துவோர் தினமும் பார்க்கும் சொல் ‘சாட்’. நண்பர்கள் ஓய்வாக உட்கார்ந்து பேசும் பேச்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சாதாரணச் சொல் இது. பறவைகளின் கீச்சொலியைக் குறித்த ‘சாட்டர்’ என்ற பழைய சொல்லின் சுருக்கம். தமிழில் அரட்டை என்கிறோம். அரட்டை பேசி முடித்ததும் காற்றோடு போய்விடும். அதனால்தான் அதில் மனம் விட்டுப் பேசுகிறோம். கம்ப்யூட்டரில் நடக்கும் சாட் காற்றோடு போவதில்லை. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் நாம் அசட்டையாகி விடுகிறோம். இதுதான் என் கவலை.

தொடக்கத்தில் இந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. 1973-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ‘பிளாட்டோ’ என்ற கம்ப்யூட்டர் அமைப்பில் ‘டாக்கோமேட்டிக்’ என்ற புரோகிராம் வந்தது. ஒருவர் டைப் செய்யும் ஒவ்வொரு எழுத்தும் அப்போதே மற்றவர்களின் திரையில் தெரியும். தப்பாக அடித்து அழிப்பதும் தெரியும். 1988-ல் ஃபின்லாந்தின் யார்க்கோ ஓய்காரினென் ஐ.ஆர்.சி.-யை உருவாக்கினார். அதன் சர்வர் வந்த செய்தியை அங்கே இருப்பவர்களுக்கு அனுப்பி விடும். சேர்த்து வைக்காது. யாராவது தன் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால்தான் உண்டு.

1998-ல் வந்து 2018 ஜூலையில் மூடப்பட்ட யாஹூ மெசெஞ்சரில், நெட் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கடலை போட்டவர்களுக்கு இந்தக் கதை தெரியும். விண்டோவை மூடினால் பேச்சு முடிந்தது என்று எழுந்து போவோம். இன்று போனை மாற்றினாலும் பழைய சாட் பேக்கப்பில் இருந்து திரும்பி வந்து நிற்கிறது.

“செய்தி என்கிரிப்ட் செய்யப்படுகிறதே, பிறகென்ன பயம்?” என்று கேட்கலாம். என்கிரிப்ஷன் வழியில் யாரும் படிக்காமல் காக்கும். ஆனால் மறுமுனையில் இருப்பவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அதனால் என்ன செய்ய முடியும்?

மறுமுனையில் மனிதரே இல்லாதபோது ஆபத்து இன்னும் அதிகம். 1966-ல் எம்.ஐ.டி.-யில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் பெரும்பாலான வேலை. அது தயாரானதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் சில வரிகள் பேசியதும், “கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?” என்று அவரை அனுப்பினாராம். இயந்திரம் என்று தெரிந்தவருக்கே அப்படி! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, உடல்நலம், கடன், குடும்பச் சண்டை எல்லாவற்றையும் பலர் அதனிடம் கொட்டுகிறார்கள். 2023 மார்ச்சில் ஒரு கோளாறால் சிலருடைய உரையாடல் தலைப்புகள் வேறு சிலருக்குத் தெரிந்தன.

பதிவாவது நமக்குக் கெடுதல் மட்டும்தானா? இல்லை. ஏர் கனடாவின் சாட்பாட், துக்க காரியத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. பிறகு நிறுவனம் மறுத்தது. ஆனால் அவர் அந்தப் பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். 2024 பிப்ரவரியில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் சாட்பாட் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு தரச் சொன்னது.

ஆகவே சாட்டை எழுத்தாகவே நடத்துங்கள். தபால் கார்டில் எழுதத் தயங்குவதை சாட்டில் டைப் செய்யாதீர்கள். பாஸ்வேர்ட், ஓ.டி.பி., கார்டு எண் எதுவும் அங்கே வேண்டாம். கம்பெனியின் சாட்டில் வாக்குறுதி கிடைத்தால் உடனே படம் எடுத்து வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மனம் விட்டுப் பேச வேண்டுமா? திண்ணை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். சாட் விண்டோவுக்கு ஞாபகமும் உண்டு.