முகவரி மாறியதைச் சொல்லிவிட்டீர்களா? அமெரிக்கக் குடியேற்ற வழக்குகளில் கவனிக்கப்படாத ஆபத்து

அமெரிக்காவில் வெளிநாட்டவர் பதிவு விதிகள் 2025 ஏப்ரல் 11 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்துள்ளன. 18 வயது நிரம்பியவர்கள் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பேசப்பட்டது. அதே சட்டத்தில் உள்ள இன்னொரு கடமையை நம்மவர்கள் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை: வீடு மாறினால் 10 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இது புதிய சட்டமல்ல. பல பத்தாண்டுகளாக ஏட்டில் தூங்கிக் கிடந்ததை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 2002-ல் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் தட்டி எழுப்பினார். முஸ்லிம் நாட்டவரைக் குறிவைத்த சிறப்புப் பதிவுத் திட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். அப்போது வெளியான செய்தி ஒன்று வேடிக்கையும் வேதனையும் கலந்தது. மக்கள் ஒழுங்காக அனுப்பிய சுமார் 2 லட்சம் முகவரி மாற்றப் படிவங்கள், கான்சஸ் சிட்டி அருகே நிலத்தடிக் கிடங்கில் பிரிக்கப்படாமலேயே பெட்டிகளில் கிடந்தன. கடமையைச் செய்தால் மட்டும் போதாது, செய்ததற்கான அத்தாட்சியும் நம் கையில் இருக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

சட்டத்தில் எழுதியுள்ள தண்டனை 200 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. ஆனால் உண்மையான இழப்பு அதுவல்ல. கைரேகைப் பதிவுக்கான அழைப்பு பழைய வீட்டுக்குப் போய், நாம் போகாமல் விட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படலாம். கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதத்துக்கு அதிகபட்சம் 12 வாரங்கள்தான் அவகாசம். பல ஆண்டுகள் காத்திருந்த கிரீன் கார்டு ஒரு தபாலால் கைநழுவலாம்.

குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் கடுமையானது. விசாரணைக்கு வராதவரை, அவர் இல்லாமலேயே நாடு கடத்த நீதிபதி உத்தரவிடலாம். சரியான முகவரியைத் தராதவர் 'எனக்கு நோட்டீஸ் வரவில்லை' என்று வாதிட இடமில்லை. அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கட்டாயமே இல்லை என்கிறது சட்டம். 2024 ஜூனில் கேம்போஸ்-சாவேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் இந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. முதல் நோட்டீஸில் தேதியும் நேரமும் இல்லாத குறை இருந்தாலும், பின்னர் விசாரணைத் தேதியைச் சொல்லும் நோட்டீஸ் முறைப்படி தரப்பட்டிருந்தால், அந்தக் குறையைக் காட்டி உத்தரவை ரத்து செய்யக் கோர முடியாது என்பதே தீர்ப்பு. அரசு குறையுள்ள நோட்டீஸ் கொடுக்கலாம், மனிதன் ஒரு தபாலைக்கூடத் தவறவிடக் கூடாது என்பது நமக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

நம்மவர்கள் அதிகம் குழம்புவது அலுவலகங்களில்தான். குடியேற்றச் சேவைத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.-க்கு ஏ.ஆர்-11 படிவம், இணையக் கணக்கு வழியாகவே கொடுக்கலாம். அங்கே சொன்னால் நீதிமன்றத்துக்குத் தெரியாது. நீதிமன்றத்துக்கு ஈ.ஓ.ஐ.ஆர்-33 படிவத்தைத் தனியாக, 5 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கும் நகல் போக வேண்டும். மாணவர்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் 10 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தபால் அலுவலகத்தில் முகவரியை மாற்றிவிட்டோம், அது போதும் என்று இருப்பவர்கள் கவனிக்க: அரசு அனுப்பும் முக்கியத் தபால்கள் பல நேரம் புது வீட்டுக்கு வராமல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தபால் துறையின் 'இன்ஃபார்ம்ட் டெலிவரி' சேவை இலவசம். அன்று வரவிருக்கும் உறைகளின் படம் மின்னஞ்சலில் வந்துவிடும்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பாவின் பெயர் கடைசிப் பெயராகி, கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று என்று கடவுச்சீட்டில் நிற்கும். அடுக்குமாடியில் தபால் பெட்டியில் ஒரு பெயர் மட்டும் ஒட்டியிருந்தால், மற்ற பெயரில் வரும் கடிதத்தைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெட்டியில் ஒட்டுங்கள். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் அங்கும் உங்கள் பெயர் இருக்கட்டும். முகவரி மாற்றமும் பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் பதிவாக வேண்டும். நிலுவையில் உள்ள ஒவ்வொரு மனுவின் ரசீது எண்ணையும் சேர்க்க வேண்டும். உறுதிச் சீட்டை அச்செடுத்து வழக்குக் கோப்பிலேயே வையுங்கள்.

குடியுரிமை பெற்றவர்களுக்கு ஏ.ஆர்-11 தேவையில்லை. ஆனால் ஊரிலிருந்து உம்மாவையோ தம்பியையோ அழைக்கப் பொருளாதாரப் பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அவர்கள் கிரீன் கார்டு பெற்று வந்துவிட்டால், அந்தப் பொறுப்பு தீரும்வரை ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் 30 நாட்களுக்குள் ஐ-865 படிவம் கொடுக்க வேண்டும். தவறினால் 250 முதல் 2,000 டாலர் வரை அபராதம் உண்டு.