முதல் வரியைப் படியுங்கள்

பென்ஷன் வாங்கும் குமாஸ்தாவுக்குக் கம்பைலரோடு என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். வேலை இருந்தது. அதைச் சொல்லிவிட்டு என் சண்டைக்கு வருகிறேன்.

என் மனைவி 2003 முதல் மூன்று வருடம், தன் தாயாரிடம் கேட்ட சமையல் குறிப்புகளையும் குடும்பக் கதைகளையும் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்தாள். 62 பக்கம். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. கோப்பு பத்திரமாக இருக்கிறது. திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழாகத் தெரியாது. அந்தக் காலத்தில் டிஸ்கி என்று ஒன்று, 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு, அதற்கு மேல் ஆளுக்கொரு எழுத்துரு. அவள் பயன்படுத்தியது என் அலுவலக நண்பர் ஒருவர் தானே செய்துகொண்ட எழுத்துரு. அதை யூனிகோடாக மாற்ற அவரே சி மொழியில் ஒரு சிறு நிரலும் எழுதியிருந்தார். அவரும் இன்று இல்லை. அவர் கொடுத்த சி.டி.யில் மூல நிரல் மட்டும் இருந்தது, மூன்று கோப்புகளாக.

மூல நிரல் என்பது மனிதன் எழுதியது. அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். லினக்ஸில் 'மேக்' என்று அடித்தால் அந்த வேலை தொடங்கும். அடித்தேன். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் ஓடின. எண்ணிப் பார்த்தேன், 26.

என் தம்பியின் பேரன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். போனில் கூப்பிட்டேன். "தாத்தா, கடைசி வரியை காப்பி பண்ணி நெட்டில் தேடுங்க" என்றான். கடைசி வரி என்ன தெரியுமா? மேக் நின்றுவிட்டது, எரர் 1. அவ்வளவுதான். ஆள் விழுந்துவிட்டான் என்று சொல்கிறதே தவிர எதில் தடுக்கி விழுந்தான் என்று அதில் இல்லை. அதைத் தேடினால் உலகத்தில் விழுந்தவர்கள் எல்லோரும் கிடைப்பார்கள்.

அடுத்த யோசனை இன்னும் மோசம். "பழைய ப்ரோகிராம் தாத்தா. 'எஃப்-பெர்மிசிவ்', 'எஃப்-காமன்'னு ரெண்டு ஃப்ளாக் போடுங்க, வாயை மூடிக்கும்." போட்டேன். மூடிக்கொண்டது. நிரல் தயாராயிற்று. மனைவியின் கோப்பைக் கொடுத்து ஓட்டினேன். முதல் எழுத்திலேயே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று செத்து விழுந்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் இல்லை. பிழைச் செய்தியைத் தொந்தரவாகப் பார்க்கும் பழக்கத்தின் மேல்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய பில் ஏழு ஆட்சேபணைகளோடு திரும்பி வந்தது. சுலபமானவை கடைசியில் இருந்தன. அவற்றுக்கு முதலில் பதில் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி வந்தது. அந்த அம்மாள் மூன்று முறை பஸ் ஏறி வந்து என் மேஜை முன்னால் நின்றார். கடைசியில் தலைமை எழுத்தர் ஃபைலை வாங்கிப் பார்த்தார். முதல் ஆட்சேபணை, பணிப் பதிவேட்டில் ஒரு பெயர், நியமனப் படிவத்தில் வேறு பெயர். அதைச் சரி செய்ததும் மீதி ஆறில் ஐந்து தாமாகவே விழுந்தன. ஐந்து மாதம் அந்தக் குடும்பம் பணமில்லாமல் இருந்ததற்குக் காரணம், நான் முதல் வரியைப் படிக்காதது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கம்பைலரும் அதே ஆட்சேபணைக் குறிப்புதான். சொல்லப்போனால், நான் பார்த்த எந்த அலுவலகக் குறிப்பையும்விட நேர்மையானது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்கிறது. பள்ளியில் எங்கள் முசியே பிரெஞ்சு டிக்தே நோட்டில் சிவப்பு மை போடும்போதுகூட இவ்வளவு விளக்கியதில்லை. செய்திகளைப் பிரெஞ்சிலேயே தரும் வசதியும் இருக்கிறது. வைத்துப் பார்த்தேன், பழைய வாத்தியார் பேசுவது போலவே இருந்தது. ஆனால் நெட்டில் தேட ஆங்கிலம்தான் உதவுகிறது என்பதால் மாற்றிவிட்டேன்.

இரண்டு ஃப்ளாக்கையும் எடுத்தேன். பையன் சொன்னபடி எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தேன். அதனால் மூன்று கோப்புகளின் பிழைகளும் கலந்து வந்திருந்தன. ஒவ்வொன்றாக ஓடச் சொல்லி, வருவதையெல்லாம் ஒரு கோப்பில் சேமித்து, மேலிருந்து படித்தேன்.

முதல் பிழை: 'எக்ஸிட்' என்ற ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை. அதற்குக் கீழேயே, எந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்று கம்பைலரே எழுதியிருந்தது. 1999-ஆம் வருட சி தரமே அறிவிக்காமல் அழைப்பதை நீக்கிவிட்டது. ஜி.சி.சி. கம்பைலர் கால் நூற்றாண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அதைப் பிழையாக்கியது. இரண்டு வரி சேர்த்தேன். 26 பிழை 4 ஆயிற்று.

அந்த நான்கில் இரண்டு, நண்பரின் சொந்த ஃபங்ஷனைத் தெரியாது என்றன. மற்ற இரண்டு, வெறும் எண்ணை முகவரியாக வைக்கிறாய் என்றன. இவை முதல் இரண்டின் பிள்ளைகள். அறிவிக்காத ஃபங்ஷன் ஒரு எண்ணைத்தான் தரும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்கிறது. நண்பரின் பழைய 32 பிட் கம்ப்யூட்டரில் எண்ணுக்கும் முகவரிக்கும் ஒரே அளவு, ஓடிவிட்டது. இன்றைய 64 பிட் மெஷினில் முகவரியின் பாதி வெட்டுப்பட்டுப் போகிறது. என் நிரல் செத்தது அதனால்தான். வாயை அடைத்தோமே, அந்த வாய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு அறிவிப்பு வரி எழுதினேன். நான்கும் போயின.

பிறகு இணைக்கும் கட்டத்தில் ஒரு தகராறு. எழுத்து அட்டவணையை மூன்று கோப்பும் தன்னுடையது என்றன. 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இதற்கும் அனுமதி இல்லை. ஒரு கோப்பில் மட்டும் சொந்தம் வைத்து, மற்றவற்றுக்கு 'எக்ஸ்டர்ன்' என்று எழுதினேன். ஒரே பட்டாவை மூன்று பேர் வைத்திருந்தால் என்ன செய்வார்களோ, அதுதான்.

மொத்தம் ஐந்தாறு வரி, ஒரு மாலை நேரம். இதற்கு நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மேலிருந்து கீழே படித்தேன்.

படித்த பிள்ளைகளை ஒன்று கேட்கிறேன். கார் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவீர்களா? பிழைச் செய்தி உங்களை அவமானப்படுத்த வருவதில்லை. மெஷினுக்குத் தெரிந்ததையெல்லாம் நமக்குச் சொல்ல முயல்கிறது. ஒரு பிழையைத் திருத்துங்கள், மறுபடி மேக் அடியுங்கள், மறுபடி முதல் வரியைப் பாருங்கள். அவசரம் என்கிறீர்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, எனக்கு இல்லாத அவசரமா?

நிரல் ஓடியது. 62 பக்கமும் தமிழில் வந்தன. முதல் பக்கத்தில் மாமியாரின் வடகம் போடும் முறை. வெங்காயத்தை எத்தனை நாள் வெயிலில் காய வைக்க வேண்டும் என்று நான் வருடக்கணக்காகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.