தாராசிங்கிடம் தோற்றவர் யார்?

"இவரு பெரிய தாராசிங்கு!" மதுரை மாட்டுத்தாவணியில் இடித்துத் தள்ளி பஸ் ஏறுகிற ஆசாமியை இன்றும் இப்படித்தான் கிண்டல் செய்கிறார்கள். அந்த தாராசிங் 1959-ல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம் பிடித்தாரே, யாரைச் சாய்த்து? கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

ஜார்ஜ் கார்டியங்கோ! கனடாவின் வின்னிபெக்கில் 1928-ல் பிறந்த பயில்வான். இளமையில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார். அமெரிக்கா கதவைச் சாத்திவிட்டது. பணம் புரண்ட கோதா அங்கேதான்! வேறு வழி? நாடு நாடாகப் போய் மோதினார்.

"குஸ்தி முடிவு முன்னாடியே பேசி வச்சதுதானே?" என்பீர்கள். சரி, அப்படியானால் தோற்பவனுக்குத்தானே வேலை அதிகம்? அவன் பதமாக விழுந்தால்தான் எதிராளி வீரன். கைதட்டல் மொத்தமும் ஒருவருக்கே போனது என்ன நியாயம்?

கார்டியங்கோ பிற்பாடு தூரிகை பிடித்தார், ஓவியரானார். 2002-ல் காலமானார்.