கீரைக்கட்டு ஏழாவது மாடிக்கு வரும் வழி

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் இருந்தபோது, அம்மா பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கத்தரிக்காய் வாங்க என்னை அனுப்புவார். மார்க்கெட் அவ்வளவு பக்கம். எங்களை இடம்பெயர்த்துப் பெரும்பாக்கம் அடுக்ககத்தின் ஏழாவது மாடிக்கு அனுப்பிய பிறகு, பெரும்பாலும் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான் எங்கள் காய்கறி. அவைதான் ஒரு வாரம் தாங்கும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம், உண்மைதான். ஆனால் சைதாப்பேட்டை போய்த் திரும்புவதற்குள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடுகிறது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். சாம்பாரில் போட முருங்கைக்காய்தான் இல்லை.

எங்கள் பிளாக்குக்குத் தள்ளுவண்டியில் ஓர் அக்கா வருவார். குரல் கேட்டதும் மேலிருந்து கயிறு கட்டிய வாளிகள் இறங்கும், காசும் அதிலேயே. ஒருநாள் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோயம்பேடு இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் மூன்று பேரோடு சேர்ந்து குட்டியானை வண்டிக்கு வாடகை கொடுக்கிறார். முதலுக்குத் தண்டல்: காலையில் கைக்கு வருவது 900, மாலையில் திருப்புவது 1,000. விற்காத கீரை ஆட்டுக்குப் போகிறது. அந்த 100 ரூபாயும் ஆடு தின்ற கீரையும் எங்கள் தக்காளி விலையில்தானே ஏறும்?

எங்களைப் போன்ற இடங்களுக்குக் காய்கறி கிடைக்கப் பணம் ஒதுக்கினால், முதலில் ஷட்டர் போட்ட கட்டடம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்ட ஓர் இடம் வேண்டுமே! 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தையைப் பாருங்கள். கொட்டகை மட்டுமா அதை ஓடவைத்தது? உழவர்களின் மூட்டைக்குப் பேருந்தில் கட்டணம் வாங்கவில்லை.

இங்கேயும் அந்த விடியற்கால வண்டி வாடகைக்குப் பணம் கொடுங்கள். 2020இல் தெருவியாபாரிகளுக்காக வந்த ஸ்வநிதிக் கடன் திட்டத்தில் முதல் கடன் 2025 வரை 10,000 ரூபாய், இப்போது 15,000. அக்காவைத் தண்டலிலிருந்து மீட்க அது போதும், ஆனால் அவரிடம் இருப்பது பழைய தெருவில் கொடுத்த வியாபாரி அட்டை. அவரை இடம்பெயர்த்தபோதே புது அட்டையும் கொடுத்திருக்க வேண்டாமா? முதல் ஆறு மாதம் வாடுகிற கீரையின் நஷ்டத்தில் பாதியையாவது காய்கறிக்கு ஒதுக்கும் அந்தப் பணத்திலிருந்தே ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் துணிந்து கீரை கொண்டுவர மாட்டார்கள்.

போன வாரம் வாழைத்தண்டு கேட்டேன். “ஏழு பேர் கேட்டா எடுத்தாரேன்” என்றார் அக்கா. இதுவரை நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம்.