மயிலை விடுங்கள், கூண்டைப் பாருங்கள்

“மயில் ராத்திரியெல்லாம் சொறியுது, இறகு கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?” போர்ட் கிள்ளான், பண்டமாரான் பக்கம் மயில் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்கும் கொள்கலன்களுக்கும் பூச்சி மருந்துப் புகை போட்டு ஓய்வு பெற்றவன். பூச்சி என்று யார் வாயில் வந்தாலும் ஆளைக் கைகாட்டி என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, கையில் இருக்கும் கரப்பான் ஸ்பிரேயைக் கீழே வையுங்கள் என்பதுதான்.

மருந்துக்கு முன்னால், கடிப்பது எது என்று தெரியவேண்டும். பேன் வேறு, செல் வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். குழப்பம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

பேன் மயிலின் உடம்பை விட்டு இறங்காது. பிறப்பு, சாவு எல்லாம் இறகுக்குள்ளேயே. மயிலுக்கென்றே ஒரு பேன் இருக்கிறது. 1758-இலேயே லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஒருவர் மயிலை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் மலவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகைப் பிரித்துப் பார்த்தால் போதும். வைக்கோல் நிறத்தில், தட்டையாக, வெளிச்சம் பட்டதும் ஓடுவது பேன். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருப்பது ஈர். கோழிகளுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் தூளை இறகின் அடிவரை படும்படி தூவவேண்டும். ஈர் இந்த மருந்துக்குச் சாகாது. அதனால் பத்து நாள் கழித்து மறுபடியும் தூவவேண்டும், கூட்டிலுள்ள எல்லாப் பறவைக்கும் ஒரே நாளில். இதோடு பேன் கதை முடிந்தது.

செல் அப்படியில்லை. சிவப்புச் செல் பகலில் மயில்மேல் இருக்காது. பலகை இடுக்கில் தூங்கும். இருட்டியதும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடும். பகலில் மயிலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், ஒண்ணுமே இல்லையே” என்று சொன்ன ஒரு தங்கச்சியின் வீட்டுக்கு இரவு பத்து மணிக்குப் போனேன். மயில் உட்காரும் கட்டைக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து, டார்ச் அடித்தோம். துணியில் மிளகாய்த் தூள் சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள், எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. கட்டையும் சட்டமும் சேரும் மூட்டில் பிளேடை விட்டு நெம்பினேன். சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது. அது தோல், எச்சம், முட்டை எல்லாம் கலந்த குப்பை. உள்ளே ஒரு பட்டாளமே இருந்தது.

அந்தக் கூண்டு பாலெட் பலகையில் அடித்தது. நம் ஊரில் பாதிக் கூண்டுகள் அப்படித்தான். துறைமுகத்திலிருந்து சும்மா கிடைக்கிற மரத்தை யார் விடுவார்? ஆனால் இரண்டு பலகை சேரும் இடமெல்லாம் செல்லுக்கு வாடகையில்லா வீடு. தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் அது அங்கே உயிரோடு இருக்கும். மயிலை விற்றுவிட்டுக் கூண்டைச் சும்மா போட்டிருந்து, சில மாதம் கழித்துப் புதுப் பறவையைக் கொண்டுவந்து விட்டாலும் பந்தி தயார். பாலெட்டேதான் வேண்டும் என்றால், அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிய மரம், பரவாயில்லை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அந்த வாயுவோடு வாழ்நாளைக் கழித்தவன் சொல்கிறேன், அதைப் பறவைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சரித்திரம் ஒன்று உண்டு. 1901-இல் இந்தத் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியா கொத்துக்கொத்தாக ஆட்களைச் சாய்த்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கொசு பிறக்கிற சதுப்பை வடியவைத்து, சுற்றியிருந்த காட்டை வெட்டவைத்தார். அடுத்த ஆண்டே காய்ச்சல் சரிந்தது. காய்ச்சல்காரனுக்குக் கொயினா கொடுப்பதோடு அவர் நின்றிருந்தால் இன்றைக்குப் போர்ட் கிள்ளானே இருந்திருக்காது. மயில் வளர்க்கும் நாமோ இன்னும் மயிலுக்கே மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

செல் பிடித்த கூண்டைப் பிரித்துப் போடுங்கள். மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுங்கள், காய்ந்ததும் இடுக்கைப் பூசி அடையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒரு தலைமுறைச் செல் வளர ஏழெட்டு நாள் போதும். ஆகவே அடுத்த வாரம் மறுபடியும். உட்காரும் கட்டையைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் மைனா கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறந்ததும் எடுத்துவிடுங்கள். வெப்பநாடுகளின் கோழிச் செல் ஒன்று மைனா, சிட்டு, புறாக் கூடுகளிலிருந்து இறங்கி வரும். அது நம்மையும் கடிக்கும். காக்காயையும் கூண்டுக்குள் விடாதீர்கள். அதுவே கிள்ளானுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த விருந்தாளிதான். காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று 1890-களில் சிலோனிலிருந்து இறக்கினான். புழு போச்சோ இல்லையோ, காக்காய் போகவில்லை.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை மயில் வாயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பறவைக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். நான்கு கிலோ மயிலுக்கு, ஒரு சதவீத மருந்தில் 0.08 மில்லி. கண்ணளவில் ஊற்றுகிற சமாச்சாரமா இது? இறகைத் தின்னும் பேனுக்கு அந்த மருந்து சரியாக வேலையும் செய்யாது. காலில் செதில் தூக்கி, சுண்ணாம்பு பூத்ததுபோல் தடித்திருந்தால் அது வேறொரு செல், தோலுக்குள் துளைத்துக்கொண்டு போவது. அதற்கு இந்த மருந்து உதவும். ஆனால் மருத்துவர் கையால். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மண்ணெண்ணெய் தேய்ப்பது, பாச்சை உருண்டை கட்டுவது, வேப்பிலைப் புகை போடுவது எதுவும் வேண்டாம். பறவையின் நுரையீரல் புகைக்கு ஆனது இல்லை. இதை ஒரு புகைக்காரன் சொல்கிறேன்.

நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் இப்போது மயில் கழுத்துக்கு வந்துவிட்டது. 2017-இல் நெதர்லாந்தில் கோழிப் பண்ணைச் செல்லுக்கு அந்த ஃபிப்ரோனிலைத் தெளித்து, அது முட்டையில் ஏறி, ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கில் முட்டைகளை அள்ளிக் கொட்டினார்கள். நம் வீட்டில் மயில் கூண்டுக்குள்தான் நாட்டுக்கோழியும் முட்டையிடுகிறது. அதைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம்.

கோயில் மயில்களைப் பற்றியும் சொல்லவேண்டும். யாராவது கோபித்துக்கொண்டாலும் சரி. முருகன் வாகனம் என்று வாங்கி வந்து, மாலை போட்டுப் படம் எடுத்து, பிறகு சிமெண்டுத் தரையில் அடைத்துவிடுகிறோம். மயில் தன் பேனைத் தானே குறைத்துக்கொள்வது மண்ணில் புரண்டும்தான். நமக்கு வாரம் முழுக்க மழை. திறந்த மண் சேறாகிவிடும். கூரைக்கு அடியில் ஒரு தொட்டி, அதில் காய்ந்த மணல், கொஞ்சம் கந்தகத் தூள் போதும். கூண்டில்லாத கோழிகளை வைத்துக் கலிபோர்னியாவில் சோதித்ததில் பேனையும் செல்லையும் நன்றாகவே குறைத்தது இந்தக் கந்தகம்தான். தொட்டிக்கு ஆகிற செலவு ஒரு நாள் மாலைச் செலவுகூட இல்லை.

மயில் தோகைபோன்ற பளபளப்பான இறகு பறவைக்கு எதற்கு என்று 1982-இல் ஹாமில்டன், சுக் என்ற இரண்டு அறிவியலாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: என் உடம்பில் ஒட்டுண்ணி குறைவு என்று பெட்டைக்குக் காட்டும் சான்றிதழாம் இந்தப் பளபளப்பு. இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஆனால் நரைத்து, நைந்து, நுனி ஒடிந்த தோகையோடு ஒரு மயில் சன்னதிக்குப் பக்கத்தில் நின்றால், அது யாருடைய சான்றிதழ் என்று நிர்வாகத்தார்தான் சொல்லவேண்டும்.

மயில் வாங்கும் முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த பறவையை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்து, ஈர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றோடு விடுங்கள். காணிக்கையாக வந்த மயிலென்றாலும்.