கையொப்பமும் ஓர் அமானிதமே

காசோலைப் புத்தகம் தொலைந்துவிட்டது என்று ஒருவர் பதறி வந்தால், "எங்கே வைத்தீர்கள்?" என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: "அதில் கையொப்பமிட்ட தாள்கள் எத்தனை இருந்தன?" தொலைந்தது வெறும் காகிதமா, ஒரு குடும்பத்தின் சேமிப்பா என்பதை அதற்குக் கிடைக்கும் விடையே சொல்லிவிடும்.

குடுமியான்மலை, அன்னவாசல், இலுப்பூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அயலூர்கள் அல்ல. பயணம் புறப்படும் ஆண்மகன் காசோலைப் புத்தகத்தின் எல்லாத் தாள்களிலும் கையொப்பமிட்டு மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடைக் கணக்கு என்று எது வந்தாலும் வீட்டார் தொல்லைப்படக் கூடாது என்ற அக்கறையே அதற்குக் காரணம். அக்கறை போற்றத்தக்கது. ஆனால் இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கையொப்பமிட்டவர் தம் மனைவியை நம்பியதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையிலோ, அந்தத் தாள் நாளை யார் கையில் கிடைக்குமோ அவரையும் சேர்த்தே நம்பியிருக்கிறார்.

சட்டம் இதை எவ்வாறு பார்க்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கையொப்பமிடாத தாள் திருடப்பட்டு, அதில் வேறொருவர் பொய்க் கையொப்பமிட்டுப் பணம் எடுத்தால், அது கணக்குதாரரின் கட்டளையே ஆகாது. 1987ஆம் ஆண்டில் கனரா வங்கி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே போலிக் கையொப்பமிட்டுப் பல காசோலைகளில் பணம் எடுத்திருந்தார். அத்தொகையை வாடிக்கையாளர் கணக்கில் கழிக்க வங்கிக்கு உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று.

கையொப்பமிட்ட வெற்றுத் தாளின் கதை இதற்கு நேர்மாறானது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி, காசோலை ஒருவர் கையில் இருந்தால் அது ஒரு கடனுக்காகவே தரப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அவ்வாறு இல்லை என்று காட்டும் சுமை கையொப்பமிட்டவருடையது. 2010 மே 7 அன்று உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, கர்நாடகத்திலிருந்து வந்த 45,000 ரூபாய்க் காசோலை வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. "கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை தொலைந்துபோயிற்று, அதை எதிராளி தவறாகப் பயன்படுத்துகிறார்" என்பதே கையொப்பமிட்டவரின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எதிராளி அனுப்பிய சட்ட அறிவிப்புக்கு அவர் பதிலே அனுப்பாமல் இருந்தது அவருக்கு எதிராக நின்றது. 2019இல் வந்த மற்றொரு தீர்ப்பு, விருப்பத்துடன் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்றது. "நிரப்பியது நான் அல்லேன்" என்பது மட்டுமே தற்காப்பு ஆகாது.

இதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அது பேசுவது கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை நிறுத்துவதையும் பற்றி. எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தவணைக்கு என்பது அதில் விளங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வெற்றுத் தாளில் இடும் கையொப்பத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பணத்துக்குப் பதிலாகக் கைமாறும் தாள்களின் சிக்கலும் புதியதன்று. எழுதப்பட்ட ஆவணத்தை அரபியில் 'சக்' என்பர். மதீனாவின் துறைமுகமான அல்ஜாரிலிருந்து தானியம் பெறுவதற்கான சீட்டுகள் மர்வானின் காலத்தில் மக்களுக்கு வழங்கப்பட்டன. தானியத்தைக் கையில் பெறும் முன்பே அச்சீட்டுகள் விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறிச் சென்றன. ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று இதைக் கண்டித்தார்கள். காவலர்களை அனுப்பி அச்சீட்டுகளை மக்களின் கைகளிலிருந்து மீட்டு, உரியவர்களிடம் ஒப்படைக்க மர்வான் உத்தரவிட்டார். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பொருள் இன்னாருடையது என்று உறுதியில்லாத நிலையில் தாள் மட்டும் அலைவதை அன்றே நம் முன்னோர் ஆபத்தாகக் கண்டனர்.

சரி, புத்தகம் தொலைந்தே விட்டது என்றால் என்ன செய்வது? தேடிப் பார்த்துவிட்டு நாளை சொல்லலாம் என்று காத்திருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் வங்கிகளுக்கிடையே பகல் முழுவதும் தொடர்ச்சியாகப் பரிமாறப்படுகின்றன. முன்பு கிடைத்துவந்த ஒருநாள் இடைவெளியை இனி எதிர்பார்க்க இயலாது. ஆகவே உடனே வங்கியின் செயலி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ பணம் வழங்குவதை நிறுத்தச் சொல்லி, அதன் பின் கிளைக்குச் சென்று எழுத்து மூலமும் கொடுங்கள். காசோலைகளின் ஆறிலக்க எண்கள் எதிலிருந்து எதுவரை என்பதைக் குறிப்பிட வேண்டும். புத்தகம் வந்த அன்றே முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வேறொரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை. கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். கையொப்பமிட்ட தாள்கள் இருந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்குங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதே புத்தகத்திலிருந்து நீங்கள் ஏற்கெனவே உண்மையான கடனுக்காகக் கொடுத்த காசோலைகளின் எண்களை நிறுத்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவசரத்தில் அவற்றையும் நிறுத்திவிட்டால், பணம் பெற வேண்டியவர் 138ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்க வழி ஏற்படும். காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் அறிவிப்பு அனுப்பலாம். அது உங்களுக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட வேண்டும். தொலைந்த தாளை வைத்து எவரேனும் பொய்யாக அறிவிப்பு அனுப்பினாலும் அலட்சியம் வேண்டாம். நிறுத்தக் கடிதத்தின் நகலுடன் பதிவு அஞ்சலில் பதில் அனுப்புங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வாங்கிய கடனுக்குக் காசோலை கொடுத்துவிட்டு, தவணை நெருங்கும்போது "புத்தகம் தொலைந்துவிட்டது" என்று வங்கிக்கு எழுதுவோரும் நம்மில் இருக்கிறார்கள். நீதிமன்றங்கள் இவ்வாதத்தை எளிதில் நம்பாததற்கு இவர்களே காரணம். உண்மையாகவே தொலைத்தவரின் சொல்லையும் இவர்கள் மதிப்பிழக்கச் செய்கிறார்கள். நீதிமன்றத்தில் தப்பினாலும் கடன் கழுத்தில்தான் இருக்கிறது; மறுமையில் அதற்கு நிறுத்தக் கடிதம் செல்லாது. அதேபோல், வழியில் கிடந்த காசோலையைக் கண்டெடுத்தவருக்கும் கடமை உண்டு. கண்டெடுத்த பொருளின் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு ஓராண்டு அறிவிப்புச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காசோலையில் வங்கியின் பெயரும் கிளையும் அச்சிடப்பட்டிருக்கும்போது, உரியவரிடம் சேர்க்க ஓராண்டு எதற்கு?

வெளிநாட்டில் இருப்போர் வீட்டுச் செலவுக்கு என்னதான் வழி என்று கேட்கலாம். மனைவியின் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதந்தோறும் ஒரு தொகை அதில் சேரும்படி நிலையான கட்டளை கொடுத்துவிடுவதே மிக எளிய வழி. பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையை வழங்கிய மார்க்கம் நம்முடையது. தன் பெயரில் கணக்கும் தன் கையொப்பமும் உடைய பெண், பிறர் கையொப்பமிட்ட தாளைப் பீரோவின் துணிமடிப்பில் ஒளித்து வைத்துக் காக்க வேண்டியதில்லை. மேலும் ஒன்றைச் சிந்தியுங்கள். கையொப்பமிட்டவர் அங்கே திடீரென மறைந்துவிட்டால் அவருடைய பணம் அந்நொடியே வாரிசுகளின் பங்காகிவிடுகிறது. எஞ்சிய தாளை நிரப்பிப் பணம் எடுப்பது, அறியாமலேயே அநாதைகளின் பங்கில் கை வைப்பதாகிவிடும்.

கட்டணங்களைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது. இரண்டு மாதத்திற்கொருமுறை வரும் மின்கட்டணத்தை மின்வாரியத்தின் அதிகாரபூர்வச் செயலியிலோ யுபிஐ வழியாகவோ நுகர்வோர் எண்ணைச் சரிபார்த்துச் செலுத்தலாம். "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கைப்பேசியில் பழக்கமில்லாத முதியவர் அலுவலகத்தில் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கி வந்தால் அதில் குறைவு ஒன்றுமில்லை. கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை வசதியானது. ஆனால் தவணை நாளில் பணம் இல்லாமல் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் சட்டப்படி காசோலை திரும்பியதற்கு ஒப்பான குற்றமாகும். கடன் அட்டையால் கட்டுவோர், தவணை தவறினால் வட்டியில் விழுகிறோம் என்பதை மறக்கலாகாது.

காசோலையே வேண்டாம் என்பது என் வாதமன்று. நிலம், வீட்டு முன்பணம், மதரஸா நன்கொடை போன்றவற்றுக்கு அது நல்ல சான்று. பெயரையும் தொகையையும் முழுமையாக எழுதி, இடைவெளியைக் கோடிட்டு அடைத்து, குறுக்குக் கோடுகளுக்கிடையே 'பெறுபவர் கணக்கிற்கு மட்டும்' என்று குறித்த பிறகே கையொப்பமிடுங்கள். தமிழிலேயே எழுதலாம்; அதற்கு அனுமதி உண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் வசதி 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு கையொப்பம் வேண்டும் என்று ஜமாஅத் விதித்தது, ஒருவர் தவறினாலும் மற்றவர் கவனிப்பார் என்பதற்காக. "செயலாளர் அடிக்கடி வரவேண்டியிருக்கிறது" என்று பொருளாளர் பத்துத் தாள்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுத்தால் அந்தக் காவல் அன்றே போய்விடுகிறது. அது வக்ஃபின் பணம். நம் வசதிக்காகத் தளர்த்த நமக்கு உரிமையில்லை.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். கையொப்பமிட்டு நிரப்பாத தாள் இருந்தால் அதைக் கிழித்துவிட்டு, அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் கணவரிடமோ மகனிடமோ தொலைபேசியில் இதைப் பேசுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிகளாரின் உம்மத்தினர் நாம். அல்லாஹ் நம் பொருளையும் நம் நாணயத்தையும் பாதுகாப்பானாக.