மூளை தவணை தராது

பெருநாடி கிழிந்த ஒருவரைச் சத்திரசிகிச்சையாற் பிழைக்க வைத்துவிட்டோம். ஆனால் அவர் பேச்சை இழந்தார், பெற்ற பிள்ளையை அறியும் அறிவையும் இழந்தார் என்றால், அவரைக் காப்பாற்றினோம் என்று நெஞ்சறியக் கூற முடியுமா?

இருதயத்தை அடுத்துள்ள பகுதியிற் பெருநாடியின் உட்சுவர் கிழிந்தால், சிகிச்சையின்றி முதல் இரு நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் மடிவர் என்பது நெடுங்காலக் கணக்கு. மூளைக்குச் செல்லும் நாடிகளோ அப்பெருநாடியின் வளைவிலிருந்தே பிரிகின்றன. வளைவைத் திருத்த இரத்தவோட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நாலைந்து நிமிடங்களில் மூளை அழியத் தொடங்கும்.

மதகை அடைத்து வாய்க்காலைத் திருத்தும் கமக்காரன் பயிரை வாடவிடுவானா? பக்க வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுவான். 1957இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிபேக்கி குழுவினர் செய்ததும் அதுவே: மூளைக்கு வேறு வழியால் இரத்தம் அனுப்பினர். 1975இல் றண்டல் கிறீப் மற்றொரு வழியை நிலைநாட்டினார்: உடலைக் கடுங்குளிராக்கி, மூளையின் தேவையைக் குறைத்து, ஓட்டத்தை நிறுத்தினார். 20 பாகை செல்சியசுக்குக் கீழே மூளை ஏறத்தாழ 30 நிமிடம் பொறுக்கும். 40 நிமிடத்தைக் கடந்தாற் பக்கவாத ஆபத்து ஏறும்.

நீதிமன்ற மொழியிற் கூறின், குளிர் தருவது தவணையேயன்றி விடுதலையன்று. ஆதலாலேயே இன்று பல நிலையங்கள் உடலை மிதமாகக் குளிர்வித்து, வலது அக்குள் நாடி வழியே மூளைக்கு இரத்தமும் ஊட்டுகின்றன. இதுவே நேர்மையான வழி என்பது எமது துணிபு.

ஆயினும், சத்திரசிகிச்சை மேசையில் நிமிடங்களை எண்ணும் உலகம், வைத்தியசாலை வாசலில் மணித்தியாலங்களை விரயமாக்குகின்றதே! கிழிவு கழுத்து நாடிகளுக்குப் பரவினால், கத்தி படுமுன்னரே மூளை பட்டினி கிடக்கும். மாரடைப்பென்று தவறாக எண்ணி இரத்தம் உறையாமற் செய்யும் மருந்தைக் கொடுத்தாற் கேடு பெருகும்.

ஆகவே, சுகாதாரத்துக்குப் பொறுப்பான எவ்வரசிடமும் மக்கள் கேட்க வேண்டியவை மூன்று. நெஞ்சோ முதுகோ பிளப்பதுபோல் திடீரென வலி கண்டவருக்கு இரவும் பகலும் சி.ரி. படம், தாமதமின்றித் தேர்ந்த குழுவிடம் கொண்டு சேர்க்கும் ஒழுங்கு, சம்மதக் கையொப்பம் வாங்குமுன் மூளைக்குள்ள ஆபத்தை உறவினருக்கு அவர்தம் மொழியில் விளக்கும் கடமை.

வழக்கிலே தவறிய தவணையை மீண்டும் கேட்டுப் பெறலாம். மூளையிடம் அவ்வாறு கேட்க எந்த மன்றும் இல்லை.